பங்குக் கிணறும் ஹொட்ஸ்பொட்டும்

சின்னம்மா கொக்குவிலில் காலமான அன்று நான் டென்மார்க்கில் இருக்கவில்லை. நியூ ஜெர்சியில் ஒன்றுவிட்ட தம்பியின் வீட்டில் நின்றேன். அவர்கள் அந்த வீட்டுக்குக் குடிவந்து மூன்று நாள்தான். பெட்டிகள் பிரிக்கப்படவில்லை. வீட்டுக்கான இணைய இணைப்பு அடுத்த கிழமைதான் வரும். யாழ்ப்பாணத்தில் காலை 9 மணிக்குக் கிரியை. எங்களுக்கு முதல்நாள் இரவு 11.30. செத்தவீட்டுக்கு வீடியோக்காரரைப் பிடித்து நேரலையில் விடுவது இப்போது பந்தல் போடுவதுபோல ஒரு வழமையாகிவிட்டது. பிள்ளைகள் ஐந்து நாட்டில் இருக்கும்போது வேறென்ன செய்வது.

தம்பியின் மகன் தன் ஃபோனில் ஹொட்ஸ்பொட் போட்டு, லப்டொப்பை ரீ.வியில் கொழுவினான். பத்து நிமிடம்போல நன்றாக ஓடியது. ஐயர் சுண்ணப்பாட்டுக்கு ஆயத்தம் செய்துகொண்டிருக்கும்போது படம் நின்றது. வட்டம் சுற்றத் தொடங்கியது.

"ஹொட்ஸ்பொட் முடிஞ்சுது பெரியப்பா. இந்த மாதத்துக்கு இனி ஸ்பீட் இல்லை. கூடக் காசு கட்டினால்தான்."

"உன்ர ஃபோன் அளவில்லாத பிளான் எண்டெல்லோ சொன்னனீ?"

"ஃபோன் அளவில்லாததுதான். ஹொட்ஸ்பொட் அப்பிடியில்லை."

அதே இணைப்பை ஃபோனிலேயே திறந்தான். தடையில்லாமல் ஓடியது. ஃபோனை நேரே ரீ.வியில் கொழுவும் வயர் எந்தப் பெட்டிக்குள் என்று யாருக்கும் தெரியவில்லை. ஆகவே ஏழு பேர் ஓர் உள்ளங்கைத் திரையைச் சுற்றிக் குனிந்து நின்று சின்னம்மாவை வழியனுப்பினோம். தம்பியின் மாமியாருக்குக் கண் மங்கல். அவர் பின்னால் கதிரையில் இருந்து, "இப்ப ஆர் வாய்க்கரிசி போடினம்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். ஒருவர் மாறி ஒருவர் சொல்லிக்கொண்டிருந்தோம்.

அதே படம், அதே கோபுரம், அதே காற்று, மாதாமாதம் கட்டும் அதே காசு. ஃபோனுக்கும் லப்டொப்புக்கும் இடையில் ஒரு முழத் தூரம்கூட இல்லை. அந்த ஒரு முழத்துக்குத் தனிக் காசு. இதை ஒரு துக்கநாளின் எரிச்சலாக மறந்திருக்கலாம். ஆனால் அந்த எரிச்சலுக்குள் ஒரு பழைய கேள்வி இருக்கிறது என்று பட்டது. ஒன்றை விற்றவருக்கு, வாங்கியவர் அதை எப்படி, யாரோடு பயன்படுத்தலாம் என்று சொல்லும் உரிமை எதுவரை உண்டு? அதே மூச்சில் மறுபக்கத்தையும் கேட்கவேண்டும். வாங்கியவருக்கு அதை அள்ளிக் கொடுக்கும் உரிமை எதுவரை உண்டு? முதற்கேள்வியை நாம் எல்லோரும் கேட்போம். இரண்டாவதை அவ்வளவு விருப்பத்தோடு கேட்கமாட்டோம்.

ஆங்கிலத்தில் இந்தச் செயலுக்கு 'ரெதரிங்' என்று பெயர். மாட்டை முளையில் கட்டும் கயிற்றிலிருந்து வந்த சொல். ஒரு கருவியை இன்னொன்றோடு கட்டிவிடுகிறோம் என்பது கருத்து. டெனிஷ் மொழியில் வைத்திருக்கும் ஃபோனில் இதே இடத்தில் 'இன்டர்நெட் டேலிங்' என்று இருக்கும். 'டேலிங்' என்றால் பகிர்தல். ஒரே பொத்தான்தான். ஒரு மொழியில் கட்டுகிறது, இன்னொன்றில் பகிர்கிறது. நாங்கள் இரண்டையும் விட்டுவிட்டு "ஹொட்ஸ்பொட் போடு" என்கிறோம், விளக்கைப் போடு என்பதுபோல.

பகிர்வதைக் கம்பனி எப்படிக் கண்டுபிடிக்கிறது என்று அந்தப் பெடியனிடம் கேட்டேன். அவன் கணினித்துறையில் படிப்பவன். அவன் சொன்ன வழிகளில் ஒன்று என்னை விட்டுப் போகாமல் இருக்கிறது. இணையத்தில் போகும் ஒவ்வொரு தரவுப் பொதியின் வெளியுறையிலும் ஓர் எண் இருக்கும். பொதி வழிதவறி முடிவில்லாமல் சுற்றிக்கொண்டிருக்கக்கூடாது என்பதற்கான ஆயுள் எண் அது. பெரும்பாலான ஃபோன்களிலிருந்து புறப்படும்போது அது 64. வழியில் எந்தக் கருவி அதை வாங்கி அடுத்ததற்குக் கொடுத்தாலும் ஒன்று குறையும். லப்டொப்பிலிருந்து அதே 64ஓடு புறப்பட்டு ஃபோன் வழியாகப் போன பொதி கம்பனியின் வாசலுக்கு வரும்போது 63 ஆக இருக்கும். அந்த ஒன்று குறைந்திருப்பதுதான் சாட்சி. இடையில் இன்னொரு கை பட்டிருக்கிறது என்று அர்த்தம்.

உறையை உடைக்காமலே வீட்டுக்குள் இன்னொருவர் இருப்பதை எண்ணிவிடுகிறார்கள். டென்மார்க் தமிழர் நாங்கள் இன்னொருவருடைய மேசையில் எங்கள் குடும்பம் எண்ணப்படுவதை அறியாதவர்கள் அல்ல. 1987இல் நீதியமைச்சராக இருந்த எரிக் நின்-ஹான்சன், தமிழ் அகதிகளின் குடும்ப இணைவு விண்ணப்பங்களை, சட்டம் கொடுத்த உரிமையையும் மீறி, நகராமல் வைக்கச் செய்தார். அந்த விவகாரத்தில் 1993 ஜனவரியில் பவுல் சுலூட்டரின் அரசே பதவி விலகியது. 1995இல் சிறப்பு நீதிமன்றம் நின்-ஹான்சனுக்கு நான்கு மாத ஒத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை விதித்தது. மனைவியும் பிள்ளைகளும் யுத்தத்துக்குள் கிடந்த அந்தக் காத்திருப்பையும் ஒரு ஹொட்ஸ்பொட் கட்டணத்தையும் ஒரே தராசில் வைக்க நான் வரவில்லை. என் வீட்டில் யார் என்று இன்னொருவர் எண்ணத் தொடங்கினால் முதுகு தானாக நிமிர்கிறது. அந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று மட்டும் சொல்கிறேன்.

இந்தக் கட்டணத்தின் மிகத் துலக்கமான வடிவத்தை 2010 யூனில் அமெரிக்காவின் ஏ.ரி. அன்ட் ரி. காட்டியது. அளவில்லாத திட்டத்தைப் புதியவர்களுக்கு நிறுத்திவிட்டு, மாதம் 25 டொலருக்கு 2 கிகாபைட் என்றது. அந்த 2 கிகாபைட்டை லப்டொப்போடு பகிர்ந்துகொள்ள விரும்பினால் இன்னும் 20 டொலர். 20 டொலருக்குக் கூடுதலாகத் தரவு ஒரு துளியும் கிடையாது. அதே 2 கிகாபைட்தான். கடையில் ஒரு இறாத்தல் பாண் வாங்குகிறோம். தனியே சாப்பிட்டால் ஒரு விலை, பிள்ளைக்கு அரைவாசி பிய்த்துக் கொடுத்தால் இன்னொரு விலை என்றால் கடைக்காரரை என்னவென்று நினைப்போம்? பாணின் அளவு மாறவில்லை, அடுப்பின் வேலை மாறவில்லை. விலை போடப்பட்டிருப்பது கொடுத்தலுக்கு.

வெரைசன் கம்பனி இன்னொரு வழியில் போனது. இந்தக் கட்டணத்தைக் கட்டாமல் பகிர உதவும் செயலிகளைத் தன் வாடிக்கையாளர் கண்ணில் படாமல் மறைக்கும்படி கூகுளிடம் கேட்டது. ஆனால் அது 2008 ஏலத்தில் வாங்கிய ஓர் அலைவரிசைத் துண்டோடு, வாடிக்கையாளர் தமக்கு விருப்பமான கருவியையும் செயலியையும் பயன்படுத்தத் தடைபோடக்கூடாது என்ற நிபந்தனையும் சேர்ந்து வந்திருந்தது. 2012 யூலையில் பன்னிரண்டரை இலட்சம் டொலர் கட்டி விடயத்தை முடித்துக்கொண்டது.

டென்மார்க்குக்குத் திரும்பி வந்து இதை மகளிடம் சொன்னபோது, "அப்பா, இஞ்சை அப்பிடிச் செய்யேலாது" என்றாள். உண்மைதான். திறந்த இணையம் பற்றிய ஐரோப்பிய ஒன்றியத்தின் 2015ஆம் ஆண்டு ஒழுங்குவிதி, 2016 ஏப்ரல் 30 முதல் இங்கேயும் நடைமுறையில் இருக்கிறது. எந்தக் கருவியில் இணையத்தைப் பயன்படுத்துவது என்பது பயனாளரின் தெரிவு என்கிறது அது. பகிர்வைத் தடுப்பது அந்தத் தெரிவைத் தடுப்பதாகவே பெரும்பாலும் கொள்ளப்படும் என்று ஐரோப்பிய ஒழுங்குபடுத்துநர்கள் அதே வருடம் வழிகாட்டுதல் எழுதினார்கள். எங்கள் தெற்கு எல்லைக்கு அப்பால் ஜெர்மனியில் வொடஃபோன் ஒரு திட்டம் வைத்திருந்தது. சில செயலிகளுக்குத் தரவு கணக்கில் கழிபடாது. ஹொட்ஸ்பொட் வழியாகப் பார்த்தால் மட்டும் கழிபடும். 2021 செப்ரெம்பர் 2ஆம் திகதி ஐரோப்பிய நீதிமன்றம் அந்தத் திட்டத்தின் அடித்தளமே ஒழுங்குவிதிக்கு முரண், ஆகவே அதன்மேல் வைத்த ஹொட்ஸ்பொட் நிபந்தனையும் முரண் என்று தீர்ப்பளித்தது.

ஆக, இங்கே சட்டப்படி பிரச்சினை தீர்ந்துவிட்டது. ஆனால் ஒன்று சட்டத்தில் தீர்ந்துவிட்டதால் அதன் நியாயம் எங்களுக்கு விளங்கிவிட்டது என்று ஆகாது. பகிர்வு ஏன் சரி? எப்போதும் சரியா?

அமெரிக்காவிலேயே இதற்குப் பழைய விடை ஒன்று உண்டு. 1950களில் 'ஹஷ்-எ-ஃபோன்' என்று ஒரு சின்னச் சாமான் விற்றார்கள். தொலைபேசியின் வாய்ப்பகுதியில் கொழுவும் ஒரு கிண்ணம், அவ்வளவுதான். பேசுவது பக்கத்து மேசைக்காரருக்குக் கேட்காது. தங்கள் வலையமைப்பில் அந்நியப் பொருள் எதையும் கொழுவக்கூடாது என்று தொலைபேசிக் கம்பனி தடுத்தது. ஒரு கிண்ணத்துக்கு! 1956இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் கம்பனியின் பக்கம் நிற்கவில்லை. ஒருவர் தன் தொலைபேசியைத் தனக்குப் பயன்படும் விதத்தில் பயன்படுத்தலாம், அதனால் பொதுவுக்குக் கேடு வராதவரை, என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். பிறகு ரெக்சாஸ் எண்ணெய் வயல்களில் தொலைபேசி இல்லாத இடத்தில் வேலை செய்தவர்களுக்காக, இருவழி வானொலியைத் தொலைபேசியோடு இணைக்கும் 'கார்ட்டர்ஃபோன்' வந்தது. அதையும் கம்பனி தடுத்தது. 1968இல் தடை நீக்கப்பட்டது. யோசித்துப் பார்த்தால் அதுவும் ஒரு ஹொட்ஸ்பொட்தான். தொலைபேசி இருப்பவர் இல்லாதவருக்கு நீட்டிய கை.

எங்கள் வாழ்க்கையில் அந்தக் கை தொலைபேசி அட்டைதான். தொண்ணூறுகளில் இங்கே வந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. சுரண்டினால் ஓர் இலக்கம் வரும். இலக்கம் தெரிந்த எவரும் பேசலாம். அம்மாவோடு பேசி முடித்து ஏழு நிமிடம் மிச்சமிருந்தால், இலக்கத்தைப் பக்கத்து அறைக்காரனுக்குச் சொல்லிவிடுவோம். அவன் கொழும்பில் லொட்ஜில் நிற்கும் தங்கச்சியோடு அந்த ஏழு நிமிடத்தைப் பேசுவான். யாருடைய வாய் என்று எந்த அட்டையும் கேட்டதில்லை. நிமிடத்தை விற்றார்கள், நிமிடம் முடிந்தது, கணக்குத் தீர்ந்தது. (அந்தத் தொலைதூர அழைப்பு வியாபாரத்திலிருந்து எழுந்த கம்பனிகளில் ஒன்றான லெபாரா, 2001இல் மூன்று ஈழத்தமிழர் தங்கள் பெயர்களின் முன்னெழுத்துகளைச் சேர்த்து வைத்த பெயர் என்பது அதன் சிம்மைப் போட்டிருக்கும் எங்கள் பிள்ளைகள் பலருக்குத் தெரியாது.)

இதுவரை எல்லாம் சுகம். நாங்கள் நல்லவர்கள், கம்பனி பேராசைக்காரன். 2015 ஓகஸ்ட் கடைசியில் ரி-மொபைலின் அப்போதைய தலைவர் ஜோன் லெஜர் எழுதிய பகிரங்கக் கடிதத்தையும் இந்தச் சுகத்தோடுதான் வாசித்தேன். அவருடைய கம்பனி ஃபோனுக்கு அளவில்லாத தரவும், ஹொட்ஸ்பொட்டுக்கு மட்டும் 7 கிகாபைட்டும் கொடுத்திருந்தது. ஏறத்தாழ 3,000 பேர் ஹொட்ஸ்பொட் பாவனையைச் சாதாரண ஃபோன் பாவனைபோல வேடமிட்டு, சிலர் மாதம் 2 ரெராபைட் வரை இழுத்தார்கள். லெஜர் அவர்களைக் கள்ளர் என்றார். அளவில்லை என்று விளம்பரம் போட்டு விற்றவர், அளவில்லாமல் எடுத்தவரைக் கள்ளன் என்கிறாரே என்று சிரித்தேன். சிரிப்பு நிற்க ஒரு கிணறு ஞாபகத்துக்கு வந்தது.

கொக்குவிலில் எங்கள் தோட்டக்காணிக்குப் பங்குக் கிணறு. உறுதியில் காணியின் பரப்போடு, கிணற்றில் இத்தனையில் ஒரு பங்கு, வழி வாய்க்கால் உரிமை என்றும் எழுதியிருக்கும். யாழ்ப்பாணத்தில் இது சாதாரணம். தண்ணீரை யாரும் அளந்து கொடுப்பதில்லை. முறைதான் கணக்கு. இன்று பகல் எங்கள் முறை, நாளை சின்னம்மா வீட்டார் முறை. உன் முறையில் நீ எவ்வளவும் இறைக்கலாம். இன்றைய மொழியில் சொன்னால் அளவில்லாத பிளான்.

ஆனால் அந்த 'எவ்வளவும்' துலாவை நம்பிச் சொன்னது. ஒருவர் துலா மிதிக்க, ஒருவர் பட்டை பிடிக்க, ஒருவர் பாத்திக்குத் தண்ணீர் மாறவேண்டும். மூன்று பேர் விடியற்காலையில் தொடங்கினால் வெயில் ஏறும்போது கால் தளர்ந்துவிடும். மனித உடம்பே அளவுகோல். அதனால் அளவு எழுதவேண்டிய தேவை யாருக்கும் வரவில்லை. பிறகு இறைப்பு மெசின் வந்தது. உறுதி அதே உறுதி, முறை அதே முறை, பங்கு அதே பங்கு. மெசின்காரர் தன் முறையில் கிணற்றை அடிகாண இறைத்துவிட்டுப் போவார். அடுத்தவர் வந்து பார்த்தால் ஊற்று ஊறிக்கொண்டிருக்கும். யாழ்ப்பாணத்தின் சுண்ணக்கற் பாறைக்குள் நல்ல தண்ணீர் உவர்நீரின் மேல் ஒரு வில்லைபோல மிதக்கிறது. மேலதிகமாக இழுத்தால் கீழிருந்து உவர் ஏறும். அது ஒருவருடைய முறைக்கு மட்டும் ஏறாது.

இதோடு இன்னொரு வழக்கும் இருந்தது. பங்குக்காரர் தன் முறைத் தண்ணீரைத் தன் காணிக்கு இறைக்கலாம். வாய்க்காலை வெட்டி மைத்துனரின் காணிக்குத் திருப்பினால் மற்றப் பங்குக்காரர் சண்டைக்கு வருவார்கள். இலங்கையின் ரோமன்-டச்சுச் சட்டமும் பொதுவாக இதைத்தான் சொல்லும்: தண்ணீர் எடுக்கும் உரிமை அந்தக் காணியோடு ஒட்டியது, வேறு காணிக்கு அல்ல. அதாவது பங்குக் கிணற்றுச் சட்டம் 'ரெதரிங்' செய்வதைத் தடைசெய்திருந்தது! சிறுவயதில் எனக்கு அது கஞ்சத்தனமாகப் பட்டது. பின்னர் விளங்கியது. மைத்துனருக்குத் தண்ணீர் போகக்கூடாது என்பது அவர்களுடைய வன்மம் அல்ல. ஐந்து காணிக்கு என்று கணக்கிட்ட கிணற்றில், கேட்காமல் ஆறாவது காணி ஏறுகிறது என்பதுதான் பயம்.

கைத்தொலைபேசிக் கோபுரமும் பங்குக் கிணறுதான். அதன் அலைவரிசையை அந்தச் சுற்றுவட்டாரத்தில் நிற்கும் எல்லோரும் ஒரே நேரத்தில் பங்கிடுகிறோம். 'அளவில்லை' என்று விற்றவர்கள் துலாவை நம்பி விற்றார்கள்: உள்ளங்கைத் திரையில் ஒரு மனிதர் ஒரு நாளில் எவ்வளவு பார்த்துவிட முடியும்? கண் நோகும், பற்றரி இறங்கும். ஃபோனை லப்டொப்போடும் ரீ.வியோடும் கட்டியதும் அது மெசின் ஆகிவிடுகிறது.

ஒரு வேறுபாடு உண்டு, அது கம்பனிக்குச் சாதகமானதல்ல. உவர் ஏறிய கிணறு நல்ல தண்ணீருக்குத் திரும்ப வருடங்கள் செல்லும். கோபுரத்தின் நெரிசல் அடுத்த நொடியே தீர்ந்துவிடும். விடியப்புறம் மூன்று மணிக்கு யாரும் பயன்படுத்தாத அலைவரிசையைப் போத்தலில் அடைத்து மாலைக்கு வைக்கவும் முடியாது. ஆகவே இங்கே பற்றாக்குறை எத்தனை கிகாபைட் என்பதில் அல்ல, எந்த நேரத்தில் என்பதில் இருக்கிறது. ஹொட்ஸ்பொட் கட்டணமோ நேரத்தைப் பார்ப்பதில்லை. நியூ ஜெர்சியில் நள்ளிரவுக்குக் கிட்ட, ஊர் படுத்தபிறகு, சின்னம்மாவின் கிரியை யாருடைய தண்ணீரையும் பறித்திருக்காது.

நான் பறித்தது வேறொரு தடவை.

2020 மார்ச். நாங்கள் அப்போது யூலண்டில் ஒரு சிறுநகரத்தில் மாடிக்குடியிருப்பில் இருந்தோம். அந்தப் படிக்கட்டில் நான்கு தமிழ்க் குடும்பம். அதற்கு முதல் வருடமே ஒரு கெட்டித்தனம் செய்திருந்தோம். 'ஃப்ரீ டேட்டா' என்று விற்கும் சிம் ஒன்றை வாங்கி, ஒரு சின்ன ரூட்டரில் போட்டு, நான்கு வீட்டுக்கும் விட்டோம். 'ஃப்ரீ' என்பது டெனிஷில் சுதந்திரமான என்று பொருள்படும் சொல்லும்தான். ஆளுக்குக் கால்வாசிக் காசு. குடியிருப்புச் சங்கத்தின் பொது இணைப்பை விடப் பல மடங்கு மலிவு. சங்கத்துக்குக் காசு கட்டும் டெனிஷ்காரரைப் பார்த்து உள்ளுக்குள் ஒரு சிரிப்பும் இருந்தது.

மார்ச் 11 இரவு பிரதமர் மெற்ற ஃப்ரெடரிக்சன் நாட்டை மூடுவதாக அறிவித்தார். பாடசாலை வீட்டுக்கு வந்தது. எங்கள் நான்கு வீட்டிலும் காலையில் வகுப்பு, மாலையில் படம், இரவில் கனடாவோடு கதை. சில நாளில் நெற்ஃபிளிக்ஸ் ஐரோப்பிய ஆணைக்குழுவின் வேண்டுகோளுக்கு இணங்கி ஐரோப்பா முழுவதும் படத்தின் தரத்தைக் குறைத்து, தன் போக்குவரத்தில் நாலிலொரு பங்கை விட்டுக்கொடுத்தது. நாங்கள் எதையும் குறைக்கவில்லை. குறைக்கவேண்டும் என்ற நினைப்பே வரவில்லை.

கீழ்மாடியில் ஒரு சிரியக் குடும்பம். பெடியன் ஒன்பதாம் வகுப்பு. வீட்டில் இணைப்பு இல்லை, தகப்பனின் ஃபோன்தான். ஒருநாள் படிக்கட்டில் மகளிடம் சொல்லியிருக்கிறான்: எங்கள் கம்பனியின் சிம்தான் அவர்களுடையதும், சில நாளாக வகுப்பு நடக்கும்போது ஆசிரியரின் குரல் அறுந்து அறுந்து வருகிறது என்று. மகளுக்கு அப்போது 17. மேலே வந்து ரூட்டரைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"இது நாங்கள்தானா அப்பா?"

"எங்களாலைதான் எண்டு எப்பிடிச் சொல்லேலும்? ஊரே வீட்டிலைதானே இருக்கு."

"எங்களாலை இல்லை எண்டு சொல்லேலுமா?"

சொல்ல முடியாது. அதுதான் இந்த வகைப் பிழையின் இயல்பு. மெசின்காரரிடமும் அப்படித்தான் கேட்பார்கள், அவரும் மாரி பிந்திவிட்டது என்பார். சேதம் உண்மை, ஆனால் அதில் என் பங்கு எது என்று பிரித்தெடுக்க முடியாது. பிரித்தெடுக்க முடியாததால் பங்கே இல்லை என்று மனம் தீர்ப்பு எழுதிவிடும். எங்கள் நான்கு வீட்டுக்கும் இடையில் நடந்தது உண்மையான பகிர்வு. காசைப் பகிர்ந்தோம், ரூட்டர் பழுதானால் சேர்ந்து திருத்தினோம், ஒருவர் வீட்டில் வேலை போனபோது அவருடைய கால்வாசியை மூவரும் கட்டினோம். அந்த அன்பு பொய்யில்லை. ஆனால் அந்த அன்புக்கான தண்ணீர் கீழ்வீட்டுப் பாத்தியிலிருந்தும் வந்திருக்கலாம். எங்கள் சனத்தின் பெருமைகளில் ஒன்று ஒருவருக்கொருவர் கொடுப்பது. கொடுக்கப்படும் பொருள் யாருடையது என்று கேட்பது எங்களுக்கு அநாகரிகமாகப் படும். கலியாண வீட்டில், வீட்டிலிருக்கும் கிழவிக்கு ஒரு பார்சல் கட்டிக்கொண்டு போவதை ஒருவரும் குறை சொல்லமாட்டார்கள். வாளியோடு வருகிறவரை என்ன செய்வது என்றுதான் தெரியாது.

மகள் அதோடு விடவில்லை. அவளுடைய சிம் வேறு கம்பனி, அளவுபோட்டு வாங்கியது. வேறு கம்பனியின் அலை, ஆகவே வேறு கிணறு. மறுநாள் காலை எட்டு மணிக்குத் தன் ஃபோனில் ஹொட்ஸ்பொட் போட்டு, கீழ்வீட்டு வாசலுக்கு வெளியே படிக்கட்டில் இருந்து தன் பாடத்தைப் படித்தாள். கதவுக்கு உள்ளே அந்தப் பெடியன் வகுப்பைக் கேட்டான். மூன்று கிழமை அப்படி நடந்தது. அவளுடைய மாதக் கணக்கு இருபதாம் திகதிக்கே முடிந்துவிடும். மிச்சநாள் ஃபோனைத் தொடமாட்டாள்.

கம்பனியின் வாசலிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். இடையில் ஒரு கை பட்டு, ஆயுள் எண்ணில் ஒன்று குறைந்து வந்த பொதிகள். என் ரூட்டரிலிருந்து போனதும் 63, அவள் ஃபோனிலிருந்து போனதும் 63. ஒன்றில் நான் என் முறைக்குள் நின்றுகொண்டு அடுத்தவர் முறையை இறைத்தேன். மற்றதில் அவள் தனக்கென்று அளந்து வாங்கியதில் பாதியைப் பிய்த்துக் கொடுத்தாள். பகிர்வுக்கே கட்டணம் போடுகிறவர்களால் இந்த வித்தியாசத்தைப் பார்க்க முடியாது. அதனால்தான் அந்தக் கட்டணத்தை நியாயமற்றது என்கிறேன், என் பெரியதம்பி வீட்டு எரிச்சலால் அல்ல. எவ்வளவு எடுக்கிறாய் என்று கேள், எந்த நேரத்தில் எடுக்கிறாய் என்று கேள், அவை மற்றவரைத் தொடும் கேள்விகள். யாருக்குக் கொடுக்கிறாய் என்பது மற்றவரைத் தொடாது. அதைக் கேட்டுக் காசு வாங்குபவர் கிணற்றைக் காக்கவில்லை, வாய்க்காலில் ஆயம் வாங்குகிறார்.

சட்டம் விற்றவரின் பக்கத்தைக் கட்டிவிட்டது. வாங்கியவரின் பக்கத்தை எந்த ஒழுங்குவிதியும் கட்டப்போவதில்லை. 'ஃப்ரீ டேட்டா' என்று எழுதி விற்றால் முதற்பிழை எழுதியவருடையதே. இயலாத ஒன்றை வாக்குக் கொடுத்து, பிறகு சின்ன எழுத்தில் மீட்டுக்கொள்கிறார். ஆனால் அவருடைய பொய் எனக்கு உரிமையாகிவிடுமா? அவர் பொய் சொன்னது என்னிடம். தண்ணீர் குறைந்தது கீழ்வீட்டில்.

இந்த நாட்டில் இதற்கு ஒரு பழைய ஏற்பாடு இருந்தது. ரீ.வி வந்த காலத்தில் கூரைக்கு ஒரு அன்ரெனா என்று நடாமல், தெருவுக்கு ஒன்றாக உயரமாக நட்டு, 'அன்ரெனஃபோரெனிங்' என்று சங்கம் வைத்து, வருடத்துக்கு ஒருமுறை கூடிக் கணக்குப் பார்த்தார்கள். கிராமங்களில் குடிதண்ணீரும் பெரும்பாலும் அப்படித்தான், பாவிப்பவர்களே சொந்தக்காரர். நான் உள்ளுக்குள் சிரித்த அந்தக் குடியிருப்புச் சங்கத்தின் இணைப்பும் அந்த வழியில் வந்ததுதான். பங்குக் கிணற்று ஊரிலிருந்து வந்த ஒருவன் அதைப் பார்த்துச் சிரித்திருக்கக்கூடாது. அந்த வருடம் மே மாதம் ரூட்டரைக் கழற்றிவிட்டு நான்கு வீடும் சங்கத்தின் இணைப்புக்குப் போனோம். ஒருவர் இன்றுவரை அந்த மேலதிகக் காசைச் சொல்லிக்காட்டுகிறார்.

சின்னம்மாவின் 31ஆம் நாளை ஹேர்னிங்கில் ஒரு மண்டபம் எடுத்துச் செய்தோம். கொக்குவிலில் வீட்டுக்கிருத்தியம் நடக்க, இங்கே சொந்தக்காரர் அறுபது பேர் பெரிய திரையில் பார்த்தோம். மண்டபத்தின் வைஃபை கடவுச்சொல்லை வைத்திருந்தவர் ஃபோன் எடுக்கவில்லை. மகள் தன் ஃபோனை யன்னல் விளிம்பில் வைத்து ஹொட்ஸ்பொட் போட்டாள். இன்னும் அளவுபோட்ட சிம்தான் வைத்திருக்கிறாள். ஐயர் பிண்டத்துக்கு எள்ளும் தண்ணீரும் இறைத்துக்கொண்டிருக்கும்போது அவள் எழும்பிப்போய் ஃபோனைப் பார்த்தாள். முன்வரிசையில் இருந்த மாமி திரும்பி மெல்லக் கேட்டார்:

"காணுமோ பிள்ளை?"

"மூண்டு கிகா கிடக்கு மாமி. படத்தைக் கொஞ்சம் மங்கலாக்கினால் காணும்."

மங்கலாக்கினாள். கிணற்றடியில் நின்ற வாழை மட்டும் பச்சையாகத் தெரிந்தது.